தடி வயர் பாஸும் அக்காவின் மிளகாய் மில்லும்

கண்டியில் எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள் என்ற குடும்ப ரகசியம் முழுவதும் தெரிந்த ஒரே மனிதர் தடி வயர் பாஸ்தான். வயரிங் வேலை செய்பவர்; இங்கே கைத்தொழில்காரர் எல்லோருமே 'பாஸ்'தான். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

மற்ற வயரிங்காரர்கள் வந்ததும் சுவரைப் பார்ப்பார்கள். இவர் கதிரையை இழுத்துப் போட்டு விசாரணையைத் தொடங்குவார். ஸ்திரிக்கைப் பெட்டி எவ்வளவு நேரம் ஓடும், கடைசியாகப் படுப்பது யார், கக்கூஸில் அதிக நேரம் இருப்பது யார் என்று ஒன்றையும் விடமாட்டார். புதிதாகக் கல்யாணமான என் நண்பனிடம், "தம்பி, ரூம் லைட்டை எத்தனை மணிக்கு அணைப்பீங்க?" என்று மாமியார் முன்னாலேயே கேட்டுவிட்டார். குசினிக்குள் ஓடிய புதுப்பெண் அவர் போகும்வரை வெளியே வரவில்லை.

அவர் கட்சி இதுதான். மெல்லிய வயர் வாங்கும்போது மலிவு. ஆனால் கரண்ட் நிறைய ஓடினால் வயரே சூடாகும். அந்தச் சூட்டுக்கும் மாதாமாதம் நாம்தான் பில் கட்ட வேண்டும். தடித்த வயர் இன்று கையைக் கடித்தாலும் வருஷக்கணக்கில் மிச்சம் பிடிக்கும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று தெரிந்தால்தான் எது லாபம் என்று சொல்லலாம். நியாயமான பேச்சுத்தான். ஆனால் எங்கே சுற்றினாலும் கடைசியில் தடித்த வயரிலேயே வந்து நிற்பார். செத்த வீட்டில்கூட மாலையைப் போட்டுவிட்டு, பந்தலில் தொங்கும் வயரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் 'உச்' கொட்டுவார். துக்கம் தாங்காமல்தான் என்று நினைத்து வீட்டுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் அழுவார்கள்.

இந்த மனிதரிடம்தான் என் அக்கா மாட்டினாள். கொழும்புக்கு வேலைக்கென்று போன அத்தான் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்கா பிள்ளைகளோடு, கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரையும் எதிர்பார்க்காமல் பிழைக்க வேண்டும் என்று, காப்பை விற்று மிளகாய் அரைக்கும் மில் போடத் துணிந்தாள். இடம், வீட்டுக்குப் பின்னால் சரிவின் அடியில் இருந்த விறகுக் கொட்டில். மீட்டரோ ரோட்டுப் பக்கம், முன் ஹாலில்.

பாஸ் சரிவில் இறங்கி ஏறி மூச்சு வாங்கினார்.

"மோட்டர் எவ்வளவு நேரம் ஓடும் தங்கச்சி?"

"காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் ஓடணும். அப்பதான் புள்ளைகளுக்குச் சோறு."

"அப்ப தடிச்ச வயர்தான்."

"அதை வாங்கினா மெஷினுக்குச் சல்லி இல்ல பாஸ்."

"மெல்லிசு போட்டா நீங்க சம்பாதிக்கிறத வயரே தின்னுடும். அந்தப் பாவத்துக்கு நான் வரமாட்டேன்!"

அக்கா அழவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வயரை மெஷின்கிட்ட இழுக்கத்தானே இவ்வளவு செலவு? மெஷினைத் தூக்கி மீட்டர்கிட்ட வச்சா என்ன?"

பாஸ் மீட்டரடியில் இருந்து கையாலேயே முழம் போட்டுப் பார்த்தார். இத்தனை காலம் எல்லோரிடமும் தூரத்தை விசாரித்தவருக்கு, அதைக் குறைக்கலாம் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது.

"நாலு முழம் போதும் தங்கச்சி," என்றார் மெதுவாக. பிறகு முகம் மலர்ந்தது. "தடிச்சதே போடலாம்!"

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மீட்டர் இருந்த முன் ஹால் என்னுடையது. புது சோபா, கண்ணாடி அலுமாரி, நான் வேலை பார்க்கும் கந்தோரின் நண்பர்களை உட்கார வைத்துப் பெருமையடிக்கும் இடம். அடுத்த வாரம் சோபா விறகுக் கொட்டிலுக்குக் குடிபோனது. பின்னால், மில் ஓடத் தொடங்கியதும் என்னைப் பார்க்க வந்த கந்தோர்ப் பெரியவர் தும்மிக்கொண்டே வந்து தும்மிக்கொண்டே போனார்.

மில் திறந்த அன்று காலை ஒருவரும் வரவில்லை. அக்கா மெஷினையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பும் போய் மில்லும் போய்விடுமோ என்று நானும் வாசலில் இறங்கி நின்றேன். அப்போது பாஸ் ஒரு பை நிறையக் காய்ந்த செத்தல் மிளகாயோடு வந்தார்.

"எல்லாத்தையும் அரைச்சிடுங்க தங்கச்சி."

மெஷின் சத்தம் கேட்டுத் தெருவே எட்டிப் பார்த்தது. மத்தியானத்துக்குள் வாசலில் ஆட்கள் நின்றார்கள். அதற்குப் பிறகு மில் நிற்கவில்லை. பாஸும் வாரம் தவறாமல் பையோடு வந்தார்.

தனிக்கட்டையான அவர் கண்டி டவுனில் ஒரு அறையில் இருந்தார், மூன்று வேளையும் சாப்பாட்டுக் கடைதான் என்பது வெகு நாட்களுக்குப் பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அடுப்பே இல்லாத மனிதர் அவ்வளவு தூளை வைத்துக்கொண்டு என்ன செய்தாரோ, நாங்கள் கேட்கவில்லை. அக்கா மட்டும் அவருடைய மிளகாயை வெயிலில் இன்னொரு முறை காய வைத்து, வேறு யாருக்கும் அரைக்காத அளவு நைசாக அரைத்துக் கொடுப்பாள்.