கோழிக் குழுவின் கன்வீனர்

கூட்டத்தில் பேச ஆசைப்படுகிறவனை எந்தக் காரியத்துக்கும் அனுப்பக்கூடாது. என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது சாக்கடை கிடையாது. ஜூன் மாதம் இடவப்பாதி மழை தொடங்கினால் தெருத் தண்ணீர் அடுக்களைக்குள் வந்துவிடும். என் மனைவி வத்சலா அதில் நின்றுகொண்டே தோசை வார்ப்பாள். அந்த வருஷம் வார்டு சபை கூடிய நாளில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை டியூட்டி.

"எந்த வேலை முதல்லன்னு அங்கதான் முடிவாகும். நீங்க சாக்கடையை மட்டும் சொன்னாப் போறும்" என்றாள்.

"நானாச்சு" என்றேன். (ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்டாக இருந்தேன். மேஜையைத் தட்டிப் பேசுவேன், எதிரில் யாரும் இல்லாவிட்டால்.)

சபைக்கு வந்த தெருக்காரர்கள் வருகைக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கவுன்சிலர் பேசி முடித்து, எல்லாரையும் விஷயவாரியாகக் குழு பிரிந்து உட்காரச் சொன்னார். சாக்கடைக் குழு வெயில் கொளுத்தும் வராந்தாவில். கால்நடைக் குழு உள்ளே, ஃபேனுக்கு நேர் கீழே. வியர்வை ஆறியதும் போகலாம் என்று அங்கே உட்கார்ந்தேன்.

கால்நடை டாக்டர் மொட்டை மாடியில் கோழி வளர்ப்பதைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்குமா? கூண்டுக்குக் காற்றோட்டம், தீவனம், முட்டையின் சத்து என்று வெளுத்து வாங்கினேன். (எங்கள் அக்கிரகாரத் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் முட்டை வந்ததில்லை. நான் கடையில் பார்த்ததோடு சரி.)

"சாரே, எந்தொரு விஷயஞானம்! சார் தன்னே கன்வீனர், கேட்டோ" என்று மலையாளத்தில் என்னையே கன்வீனராக்கிவிட்டார் டாக்டர். கை தட்டினார்கள். வராந்தாவில் சாக்கடைக் குழு எழுந்து கலைவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நானும் எழுந்து ஓடியிருக்க வேண்டும். கை தட்டுகிறவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

மேடையில் குழு அறிக்கைகளை வாசித்தார்கள். சாக்கடை அடுத்த தெருவுக்குப் போயிற்று. எங்கள் தெருவுக்காகப் பேச ஆளே இல்லையாம். அடுத்து நான். கோழி அறிக்கையைக் கணீரென்று வாசித்தேன்.

சாயங்காலம் வத்சலா வாசலிலேயே கேட்டாள். "சொன்னேளா?"

"கன்வீனர் ஆயிட்டேன்."

"சாக்கடைக்கா?"

"கோழிக்கு."

திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய், தரையில் இருந்த அரிசி டின்னைத் தூக்கி மேல் தட்டில் வைத்தாள். மழை வந்ததும் இரண்டு பேருமாக அடுக்களைத் தண்ணீரை வாளியில் மோந்து வெளியே கொட்டினோம். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அப்புறம் ஒரு வருஷம் வத்சலாவே சபைக்குப் போய், வராந்தாவில் உட்கார்ந்து பேசிச் சாக்கடையை வாங்கி வந்தாள். என் பெயர் மட்டும் தேறவில்லை. எங்கள் பெண்ணைப் பார்க்க வந்த இடத்தில் பையனின் அப்பா, ரொம்ப ஆசாரக்காரர், மரியாதைக்குக் கேட்டார்: "மாமா பொதுக்காரியத்துலயும் உண்டோ?"

அடுக்களையிலிருந்து பதில் வந்தது: "உண்டே! இந்த வார்டுல எந்தக் கோழி முட்டை இட்டாலும் புண்ணியம் இவருக்குத்தான்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் சம்பந்தி இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு வேளைக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்.