திரையில் தெரிந்த தண்ணி

நேரலை தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது செய்தி வாசிப்பாளரின் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

எல்லாம் தயாரிப்பாளர் சொன்ன சொல்லால் வந்த வினை. "போன தடவை திரையில தண்ணி நல்லாவே தெரிஞ்சுது. இன்னிக்கும் தெரிஞ்சா நாளைக்கு வேற ஆளு," என்று காலையில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நம்மவருக்கோ விளக்கு பட்டாலே வியர்த்துக் கொட்டும், பதற்றத்தில் வாய் வேறு குழறும். வேலை போய்விடும் என்ற பயத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனனிடம் ஓடினார்.

மைத்துனனுக்கு மருந்து கொடுப்பதைவிட அதை விளக்குவதில்தான் ஆசை. அசிட்டைல்கோலின் என்று ஒன்றை நரம்பு அனுப்புமாம். அது வியர்வைச் சுரப்பியின் கதவைத் தட்டுமாம். இந்த மாத்திரை போய் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுமாம். ஒன்று போதும் என்றான். எதற்கும் இருக்கட்டுமே என்று இவர் இரண்டாக விழுங்கினார்.

வியர்வை நின்றது. எச்சிலும் நின்றது. எழுத்தெல்லாம் கலங்கியது. கழிவறையில் நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். எரிச்சலோடு மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"அதே கதவு வாய்லயும் இருக்கு, கண்ணுலயும் இருக்கு, மூத்திரப் பையிலயும் இருக்கு மாமா," என்றான் அவன் சாவகாசமாக.

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

வாய் வறட்சிக்கென்று இன்னொரு மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினான். இது கதவைத் திறக்கிற ஜாதியாம். பாதி போதும் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் இவர் முழுசாகப் போட்டுக்கொண்டார்.

கேமரா முன் உட்கார்ந்ததும் எல்லாக் கதவும் ஒரேயடியாகத் திறந்துகொண்டன. கண்ணில் நீர், மூக்கில் நீர், கடைவாயில் எச்சில், நெற்றியில் பழைய வியர்வை வட்டியோடு. எழுத்து மட்டும் தெளியவே இல்லை. "வணக்கம்" என்பது "வழக்கம்" என்று வந்தது. விலைவாசிச் செய்தியை விசும்பி விசும்பி வாசித்தார். வானிலை வருவதற்குள் அடிவயிறு முட்ட, நாற்காலியில் இடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

மனம் விட்டுப்போய் ஒப்பனை அறையில் வந்து விழுந்தார். பஞ்சும் கையுமாக வந்த ஒப்பனைக்காரப் பெண்ணிடம் ஆற்றாமை தாங்காமல் கேட்டார்:

"கேவலம் வேர்வைக்காக ஒரு மனுசனை வேலைய விட்டுத் தூக்குவாங்களாம்மா?"

அவள் கை அப்படியே நின்றது.

"வேர்வையா? நீங்க குடிச்சிட்டு வந்து வாசிக்கிறீங்கன்னுதான சார் அவரு தண்ணின்னு சொன்னாரு?"