முப்பத்தெட்டாவது பதிவும் சாகக் கிடக்கும் டிஸ்க்கும்

அன்பும் அதிகாரமும் ஒருங்கே அமைந்த என் மனைவிக்கு,

உன் கணவன் எழுதுவது. இங்கே நான் நலம், குக்கர் நலம், உன் செடிகளில் இரண்டைத் தவிர மற்றவை நலம். அங்கே உன் நலமும் மகள், மாப்பிள்ளை, பேத்தி நலமும் அறிய ஆவல்.

நிற்க. நம் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது. போன மாதம் 'டக் டக்' என்று ஆரம்பித்தது. உயிர் இருக்கிறதா என்று தினமும் நாலு தடவை போட்டுப் போட்டுப் பார்த்தேன். அதனால்தான் இன்னும் மோசமாச்சு என்கிறார் கம்ப்யூட்டர் கடை மெக்கானிக். அதில் என்ன இருக்கிறதென்று உனக்கே தெரியும். மகளின் பிரசவத்துக்கு மூன்றே மாதம் என்று கிளம்பினாயே (இது எட்டாவது மாதம், சும்மா ஞாபகப்படுத்தினேன்), அப்போது எனக்காகப் பேசிப் பதிந்து வைத்துவிட்டுப் போன உத்தரவுகள். 'கேஸை மூடினீங்களா? மறுபடி போய்ப் பாருங்க.' 'துணியை ஊறப் போட்டுட்டு பேப்பர் படிக்க உக்காந்துடாதீங்க.' எல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தாலும் தினமும் கேட்கிறேன்.

காப்பாற்றிவிடலாம் என்று, திரையில் இருந்த முப்பத்தெட்டுப் பதிவுகளையும் நானே இழுத்து இழுத்துப் பென் டிரைவில் போட்டேன். ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. என்ன கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு கடைக்குப் போனால், மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "சார், இதெல்லாம் வெறும் ஷார்ட்கட். விலாசம் மட்டும்தான் வந்திருக்கு, கடுதாசி வரல." முப்பது வருஷம் தபாலாபீசில் கடிதம் பிரித்தவனிடம் சொல்கிற பேச்சா இது!

அப்புறம் அவரே முப்பத்தேழை எடுத்துவிட்டார். கடைசி ஒன்று மட்டும் மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அது உத்தரவே இல்லை. பதிவை நிறுத்த மறந்துவிட்டு நீ மகளிடம் போனில் பேசியது. 'வந்துடறேன்டி. இந்த மனுஷனைத் தனியா விட்டுட்டு வர்றதுதான் மனசு கேக்கல. நான் இல்லாம எப்படித்தான் இருப்பாரோ.' அப்புறம் மூக்கை உறிஞ்சுகிறாய். முப்பத்தாறு வருஷத்தில் என்னிடம் ஒரு தடவை சொல்லியிருப்பாயா இதை? பழைய டிஸ்க்கில் நாலு தடவை போட்டால் ஒரு தடவை பாடுகிறது. மெக்கானிக்கோ, "ஒரே ஒரு பேச்சுதானே சார் போகுது, புதுசு மாட்டிடலாம்" என்கிறார்.

நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேத்தி கக்கினாள், குப்புற விழுந்தாள், இதிலேயே நேரம் போய்விடுகிறது. என்னைத் திட்டக்கூட உனக்கு நேரமில்லை. ரொம்ப ஏக்கமாக இருக்கிறது, போ.

சரி, வீராப்பாக முடிவெடுத்துவிட்டேன். புது டிஸ்க் மாட்டியாயிற்று. ஒரு பேச்சு போனால் குடியா முழுகிவிடும்? எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அவசரப்படாமல் பேத்தி நடக்கும்வரை, ஏன், பள்ளிக்கூடம் போகும்வரைகூட இருந்துவிட்டு வா.

பேத்திக்கு என் முத்தம், மகளுக்கு ஆசி, மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
எல்லா உத்தரவுக்கும் கீழ்ப்படியும்
உன் கணவன்

பி.கு.: மேலே எழுதியதை நம்பாதே. புது டிஸ்க் சத்தமே போடுவதில்லை. வீட்டில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் நிசப்தம் இருக்கிறது. மறுநாளே பழசைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டேன். "மிஞ்சிப்போனா இன்னும் ஒரு மாசம் தாங்கும் சார்" என்றார் மெக்கானிக். நானும் அவ்வளவுதான் தாங்குவேன். அதற்குள் வந்துவிடு.