யாருக்கு முதல் தீர்த்தம்?

"வரதாச்சாரி!" என்று ஜகந்நாதன் கணீரென்று கூப்பிட்டதும் கோஷ்டியில் பாதிப் பேர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். மீதிப் பேர் தேசிகாச்சாரியின் முகத்தைப் பார்த்தார்கள்.

திருவள்ளூரில் அந்தச் சின்னப் பெருமாள் கோவிலில், கோஷ்டியாக உட்கார்ந்து பாசுரம் சேவித்து முடிந்ததும் தீர்த்தம் கொடுப்பார்கள். யார் முதலில் வாங்குவது, யார் அடுத்து என்பதெல்லாம் பாட்டன் காலத்திலேயே சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்ட விஷயம். முதலில் தேசிகாச்சாரி. அப்புறம்தான் வரதாச்சாரி. அந்த வரிசையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஜகந்நாதனின் கைங்கர்யம். மனைவி போன பிறகு அவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வேலையும் அதுதான்.

"என்ன ஓய், எனக்கு முன்னாடி அவரா?" என்றார் தேசிகாச்சாரி.

"கூப்பிட்டாச்சு, வாங்கியாச்சு. இப்போ துப்பவா முடியும்?" என்றார் வரதாச்சாரி.

மகன் ரகுராம் ஏழெட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் கோவில் பக்கம் தலைகாட்டியிருந்தான். அவனுக்குத் திருநின்றவூரில் ஃப்ளாட். ரயிலில் ஏறி, உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் திருவள்ளூர் வந்துவிடும். ஆனாலும் அப்பாவைப் பார்க்க வருவதற்கு அவனுக்கு நேரம்தான் கிடைப்பதில்லை.

"அப்பா, மாத்திக் கூப்பிட்டுட்டேளே!"

"அப்படியா?" என்றார் ஜகந்நாதன், பக்கத்து வீட்டில் பால் பொங்கிவிட்டதைக் கேட்பது போல.

வேறு பிள்ளையாக இருந்தால் வயதாகிவிட்டது என்று விட்டிருப்பான். ரகுராமின் உத்தியோகம் அவனை விடவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் அவன் எலிகளின் ஞாபகசக்தியைச் சோதிப்பவன். மணல் நிரப்பிய கிண்ணங்களில் விதவிதமாக வாசனை கலந்து ஒவ்வொன்றாக எலிக்குக் காட்டுவான். பிறகு அவற்றில் இரண்டை மட்டும் சேர்த்து வைப்பான். முதலில் முகர்ந்தது எதுவோ அதைத் தோண்டினால் தீனி. நல்ல எலி சரியாகத் தோண்டிவிடும். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை ஆபரேஷனில் பழுதாக்கிய எலிக்கு வாசனைகள் எல்லாமே தெரியும். எது முன்னே, எது பின்னே என்பது மட்டும் தெரியாது.

அப்பாவுக்கு எல்லாரையும் தெரிகிறது, வரிசைதான் தெரியவில்லை. அவ்வளவுதான், ரகுராம் முடிவு கட்டிவிட்டான்.

மறுநாள் கம்பெனியில் கூண்டு கழுவும் குப்புராஜ் கேட்டான். "இன்னா சார், மூஞ்சி தொங்கிப்போய்க் கீது?"

"அப்பாவுக்கு வரிசை மறந்துபோச்சு குப்புராஜ். ஆபரேஷன் பண்ணின நம்ம எலி மாதிரியே."

"இதுக்கா பேஜாராவுற? எங்க நைனா என் பேரையே மறந்துட்டாரு. அண்ணன் பேரைச் சொல்லித்தான் கூப்புடறாரு. நானும் அண்ணன் மாதிரியே போய்க்கினு வந்துக்கினுதான் கீறேன்."

ரகுராம், இத்தனை மாதம் போகாமல் இருந்துவிட்டோமே என்று அன்று முழுக்க மருகினான். அந்த வருத்தத்தில் ஆபரேஷன் ஆன எலிகளுக்கெல்லாம் தப்பாகத் தோண்டினாலும் தீனி போட்டான்.

"ரகு, இந்த எலிங்க மட்டும் ஏன் இப்படி குண்டாகுது?" என்று மேலதிகாரி டாக்டர் கிறிஸ்டினா கேட்டபோது தீனி டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு, பெரிய கோஷ்டி கூடும் நாள். ஓவர்டைமை விட்டுவிட்டுக் கோவிலுக்கு ஓடினான். அப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றான். ஜகந்நாதன் வாயைத் திறந்து "வர..." என்று ஆரம்பித்ததுமே காதில் கிசுகிசுத்தான்.

"அப்பா, வரதாச்சாரி இல்லே, தேசிகாச்சாரி."

ஜகந்நாதன் குரலை உயர்த்தினார். "வரதாச்சாரி இல்லை! தேசிகாச்சாரி!"

"என்னது, நான் இல்லையா? இல்லைன்னு சொல்ற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?" என்று வரதாச்சாரி எழுந்து போனார். அவரோடு நாலு பேர் போனார்கள். அதற்கடுத்த வாரம் தூணுக்கு அந்தப் பக்கம் தனி கோஷ்டி உட்கார்ந்தது. யார் முதலில் முடிப்பது என்று இரண்டு கூட்டமும் போட்டி போட்டதில் பாசுரங்கள் எக்ஸ்பிரஸ் ரயிலாகப் பறந்தன. பெருமாளுக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

"ரகு, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கைங்கர்யத்தை வேற யாருக்காவது குடுத்துடுவேன்" என்றார் தர்மகர்த்தா.

கைங்கர்யம் போனால் அப்பா என்ன ஆவார் என்பதை ரகுராமால் நினைக்கவே முடியவில்லை. ராத்திரி யோசித்து யோசித்துத் தனக்குத் தெரிந்த வித்தையையே எடுத்தான். சனிக்கிழமையே அப்பா வீட்டுக்குப் போய், அவர் மேல்வேஷ்டி ஓரத்தில் வரிசையாக முடிச்சுப் போட்டான். முதல் முடிச்சில் கிராம்பு, அது தேசிகாச்சாரி. அடுத்ததில் ஏலக்காய், வரதாச்சாரி. மூன்றாவதில் பச்சைக் கற்பூரம், அவருக்கு அடுத்து வாங்கும் சம்பத்து.

"எடுத்து மோந்து பார்த்துண்டே கூப்பிடுங்கோ. வரிசை தப்பவே தப்பாது."

கூட வந்திருந்த அவன் மனைவி ஹம்ஸாவுக்கு இதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. "பெத்த அப்பாவையே எலியாக்கிட்டேளே! அதுவும் வளர்ப்பு எலி!"

"நன்னாத்தான்டா இருக்கு. வா, இன்னொரு தடவை ஒப்பிச்சுக் காட்டறேன்" என்று ஜகந்நாதன் சாயந்திரம் வரை மகனை விடவில்லை. ஒப்பித்ததெல்லாம் தப்பு. ஆனால் தப்பு விட்டவரின் முகத்தில் களை கூடிக்கொண்டே போனது. அதைப் பார்க்கப் பார்க்க ரகுராமுக்கு அழுகைதான் வந்தது. மறந்துபோனது கூடத் தெரியாமல் சிரிக்கிறாரே என்று கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

ஞாயிறு வந்தது. வரதாச்சாரியைக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப அழைத்து வந்திருந்தார்கள். ஜகந்நாதன் முடிச்சை எடுத்து முகர்ந்தார். "வரதாச்சாரி! சம்பத்து!" வரிசை மளமளவென்று நகர்ந்தது. கடைசி ஆள் வரை தீர்த்தம் வாங்கியாயிற்று. தீர்த்த வட்டிலும் காலி. தேசிகாச்சாரி மட்டும் உள்ளங்கையைக் குழித்து நீட்டியபடியே நின்றார்.

"அப்பா! தேசிகாச்சாரி எங்கே?"

"தொண்டை கரகரன்னுதுடா," என்றார் ஜகந்நாதன். "தேசிகாச்சாரியை மென்னுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். தேசிகாச்சாரி இனி இந்தக் கோவில் வாசலை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்யப் போனார். தர்மகர்த்தா ரகுராமைப் பார்த்தார். ரகுராம் எல்லார் முன்னாலும் கைகூப்பினான்.

"மன்னிச்சுக்கணும். அப்பாவுக்கு மறதி வியாதி. எனக்குத் தெரியும், என் வேலையே அதுதான். அவரை இனிமே கஷ்டப்படுத்த வேண்டாம். கைங்கர்யத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்கோ."

தேசிகாச்சாரிக்குக் கூட இவ்வளவு தூரம் போகும் என்று தோன்றியிருக்காது, கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

ஜகந்நாதன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல்வேஷ்டியில் மீதியிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். "நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வருவியோன்னோ?"

"இனிமே எதுக்குப்பா? கோவில் பிரச்சினைதான் முடிஞ்சுடுத்தே. ஓவர்டைம் வேற நிறைய விட்டுட்டேன். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்கோ."

"ஆமாமா. உனக்கும் வேலை இருக்குமே" என்றார் ஜகந்நாதன்.

வீட்டில் அவரை உட்கார வைத்த பிறகுதான் குடையைக் கோவிலிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. ரகுராம் திரும்பிப் போனான். மனசு பாரமாக இருந்தாலும் கடமையைச் செய்துவிட்ட திருப்தியும் கொஞ்சம் இருந்தது. மண்டபத்தில் யாரும் இல்லை. மடப்பள்ளியில் கோவர்தன் மட்டும் புளியோதரை அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நித்தியம் காலையில் நடக்கும் சின்ன கோஷ்டிக்கும் அவன்தான் பிரசாதம் செய்பவன். ரகுராமோடு ஒன்றாகப் படித்தவன்.

"கைங்கர்யத்தைப் பிடுங்கிட்டியாமே? ஏண்டா?"

"வேற வழி இல்லே கோவர்தன். அப்பாவுக்கு மறதி முத்திப்போச்சு."

கோவர்தன் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆச்சரியமாகப் பார்த்தான்.

"மறதியா? நீ வராத நாள்ல அவர் ஒரு பேரைக்கூட முன்னே பின்னே மாத்திக் கூப்பிட்டதில்லையேடா. நீ நிக்கற அன்னிக்குத் தப்பு விட்டாத்தானே அடுத்த வாரமும் நீ ஓடி வருவே!"