நாலுக்குக் கீழே ஒரு சாஸ்

"எனக்கு மட்டுமா? அந்த வில்ஃப்ரெட்டுக்கு இல்லையா?"

தொப்பியைச் சாப்பாட்டு மேசைமேல் வீசினார் க்ளோவிஸ். பூசை முடிந்து வந்த மனிதரின் முகத்தில் பக்தி மருந்துக்கும் இல்லை.

வருகிற சனிக்கிழமை மாதா கோயில் சந்தை. க்ளோவிஸின் மிளகாய்ச் சாஸ் வருடாவருடம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். லூசியானாவின் அந்தச் சதுப்புநிலத்து ஊரில் ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது. இந்த வருடம் என்னவென்றால், சாஸின் பி.எச். எண் நாலுக்குக் கீழே என்று மீட்டரால் அளந்து வந்தால்தான் மேசையில் இடமாம். கோயில் கமிட்டி சொல்லிவிட்டது; பக்கத்து மேசை வில்ஃப்ரெட்டுக்கு இந்த நிபந்தனை கிடையாது.

"எண்ணு குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தின்னு அர்த்தம். ஒரு மீட்டரை வாங்கி முக்கிட்டுப் போயேன்," என்றாள் மனைவி எர்லீன், வெண்டைக்காய் நறுக்கியபடியே.

"எங்கப்பா நாக்குல வச்சுப் பார்த்தாரு. நானும் நாக்குலதான் பார்க்கிறேன். இதுவரைக்கும் எவனாவது செத்தானா?"

"அதுக்காக உன் நாக்கைக் கழட்டிக் கமிட்டிக்கு அனுப்ப முடியுமா?"

கடையில் இருந்ததிலேயே மலிவாக, பேனா மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். பெட்டிக்குள் இரண்டு பொடிப் பொட்டலங்கள் இருந்தன. புதுச் செருப்போடு வருமே, ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம், அதுதான் என்று குப்பையில் போட்டார். மாதக்கணக்கில் உப்பில் புளிக்கவைத்து, அரைத்து, வினிகர் சேர்த்து வைத்திருந்த பெரிய ஜாடிக்குள் பேனாவை முக்கினார்.

ஐந்தரை.

"பொய் சொல்லுது! நேத்து வந்த பேனா என் சாஸைக் குறை சொல்லுது!"

திட்டிக்கொண்டே ஒரு குவளை வினிகரை ஊற்றினார். ஐந்தரை. இன்னொரு குவளை. பேனா மசியவில்லை.

மறுநாள் கடைக்காரப் பெண் ரெனெல்லிடம் போய்ப் பாய்ந்தார்.

"இது மீன் தொட்டித் தண்ணிக்கானது, மிஸ்டர் க்ளோவிஸ். மிளகாய்க் கூழ்ல விட்டா முனை அடைச்சுக்கும்."

"நான் வாங்குறப்ப உன் வாய் அடைச்சிருந்துச்சா?"

"நீங்கதானே 'கம்முனு பில்லைப் போடு'ன்னீங்க?"

கூர்முனை வைத்த, சமையலுக்கென்றே செய்த மீட்டரை எடுத்துக் கொடுத்தாள். "முதல்ல அந்தப் பொடியை..." என்று ஆரம்பித்தவளை, "பொடியெல்லாம் எனக்குத் தெரியும்!" என்று வெட்டிவிட்டு வந்தார். புது மீட்டரோடு வந்த பொட்டலங்களும் குப்பைக்கே போயின.

புது மீட்டர் நாலே முக்கால் என்றது.

ஒரே சாஸ், இரண்டு எண். எதை நம்புவது? காப்பியில் முக்கிப் பார்த்தார். மோரில் முக்கினார். அடுப்பில் கொதித்த இறால் குழம்பிலும் குத்தப் போனபோது எர்லீன் கரண்டியை ஓங்கிவிட்டாள்.

"என் குழம்புக்கு என்ன காய்ச்சலா, நீ வந்து அளக்குறதுக்கு?"

வேறு வழியில்லாமல் மறுபடியும் வினிகரையே தூக்கினார். ஊற்றினார், ஊற்றினார், கூர்முனை மூன்று தொண்ணூறைக் காட்டும்வரை ஊற்றினார். பிறகு ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். கண்ணில் நீர் கொட்டியது.

அப்போதுதான் குப்பையைக் கொட்டப்போன எர்லீன் பொட்டலங்களோடு திரும்பி வந்தாள். "ஏ மனுஷா, இதைத் தண்ணியில கரைச்சு, எது நாலு, எது ஏழுன்னு மீட்டருக்கு முதல்ல காட்டிக் குடுக்கணுமாம். மேலேயே போட்டிருக்கு, படிக்கலையா?"

கரைத்தார். காட்டினார். இந்தக் கூடுதல் வினிகரை ஊற்றுவதற்கு முன்பே வீட்டுக்கென்று எடுத்துவைத்த கிண்ணத்துச் சாஸில் முக்கினார்.

மூன்றரை.

ஆரம்பத்திலிருந்தே சரியாக இருந்திருக்கிறது! ஜாடியில் இப்போது இரண்டு எண்பது. புதிதாகச் செய்யலாம் என்றால் புளித்த மிளகாய் ஒன்றுகூட மிச்சமில்லை.

"என் சாஸை அந்தக் கமிட்டிதான் கொன்னுச்சு! நானா கொன்னேன்?" என்று இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சனிக்கிழமை புட்டிகளைக் குற்றவாளி மாதிரி அடுக்கினார். பக்கத்து மேசை வில்ஃப்ரெட் பிஸ்கட்டில் ஒரு துளி தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டி, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இது சாஸா, தண்டனையா க்ளோவிஸ்?"

க்ளோவிஸுக்குக் காது சிவந்தது. கூடையோடு வந்து நின்றார் மிஸ் யூலாலி. கோயிலைப் பெருக்கி, பூ வைத்து, பீடத்தைத் துடைத்துவைக்கிற பெரியவர். கமிட்டியே அவர் சொன்னால்தான் உட்காரும், எழும்.

"எண்ணு என்னப்பா?"

"ரெண்டு... எண்பது, மிஸ் யூலாலி," என்றார் க்ளோவிஸ்.

கிழவி முகம் மலர்ந்தது. "ரெண்டு எண்பதா! அத்தனை புட்டியையும் கூடையில வை!"

க்ளோவிஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "பார்த்தியா வில்ஃப்ரெட்? ருசி தெரிஞ்சவங்க வந்தாச்சு! இருந்தாலும் மிஸ் யூலாலி, இத்தனை வருஷம் கழிச்சு என்னைப் போய் அளந்து காட்டச் சொன்னது அநியாயம்."

மிஸ் யூலாலி கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்:

"என்னப்பா பண்றது, போன வருஷம் உன் சாஸ்ல புளிப்பு பத்தலை, எவ்வளவு தேய்ச்சும் பீடத்துப் பித்தளை மெழுகுவத்தித் தண்டு பளபளக்கவே இல்லையே!"