1089-ஆம் நம்பர் கார்டும் பத்துக் கிலோ சர்க்கரையும்

இதை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் ஊர் நாச்சம்மாள். 1975-இல், கார்த்திகைச் சோமவாரத்தன்று, கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வரும் வழியில் சொன்னாள். சாமி கும்பிட்டு வந்த வாய் பொய் சொல்லாது என்று நம்பி எழுதுகிறேன். எந்த ஊர் ஆபீசு என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் ஒரு நாள் போக வேண்டிய இடம்தான்.

எங்கள் பெருமாட்டிப் பக்கம் கமலாத்தாளின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பொள்ளாச்சி. "வேற எது கொறஞ்சாலும் பரவாயில்லீங்க, பந்தியில லட்டு இருக்கோணும்" என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். லட்டுக்குச் சர்க்கரை வேண்டும். கல்யாண வீட்டுக்குப் பத்துக் கிலோ பர்மிட் கொடுக்கச் சர்க்கார் மனம் வைத்திருந்தது. ஆகவே கமலாத்தாள், நாச்சம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சப்ளை ஆபீசுக்குப் போனாள். முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஆபீசர் ரத்தினசாமி நல்லவர். கை நீட்டாதவர். அவருக்கு இருந்த ஒரே பழக்கம் நம்பர். எதைக் கண்டாலும் கூட்டுவார், பெருக்குவார், திருப்பிப் போட்டுப் பார்ப்பார். படித்தவர்களிடையே அப்போது அது ஒரு மோஸ்தர்.

கமலாத்தாளின் ரேஷன் கார்டு நம்பர் 1089. மனுவின் மேல் ஆபீசில் குத்திய நம்பர் 9801. இரண்டையும் பார்த்த ஆபீசர் பேனாவை மூடினார்.

"ஏனம்மா, 1089-ஐ ஒம்பதால பெருக்குனா என்ன வரும்?"

"அத்தனை படிக்கலீங்க."

"9801. உங்க கார்டு நம்பரை அப்படியே திருப்பிப் போட்டது. இது தானா நடக்குமா?"

"மனு நம்பர் உங்க ஆபீசுல போட்டதுதானுங்களே?"

"அதனாலதான் சந்தேகம் பலமாகுது. வெளியாள் போட்டிருந்தா விட்டிருப்பேன்."

"மேற்படி எண்கள் மேற்படியாரின் தூண்டுதல் ஏதுமின்றித் தற்செயலாகவே அமைந்தன" என்று வில்லேஜ் ஆபீசரிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்.

வில்லேஜ் ஆபீசர் குப்பண்ணன் மோவாயைச் சொறிந்தார். "தற்செயலா நடந்ததைக் கண்ணால பாத்த சாட்சி ரெண்டு பேர் வேணுமே."

"பாத்துக்கிட்டே இருந்தா அது தற்செயலுங்களா?" என்றாள் நாச்சம்மாள்.

அந்த நியாயம் அவருக்குப் பிடித்துப்போனது. பார்க்காதவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார். அதற்குள் ஏழு நாள் போயிற்று.

சான்றிதழின் மூலையைப் பார்த்த ரத்தினசாமி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அதன் நம்பர் 99.

"தொண்ணூத்தொம்பதைத் தொண்ணூத்தொம்பதால பெருக்குனாலும் அதே 9801!"

"அது நல்ல சகுனமுங்களா, கெட்ட சகுனமுங்களா?" என்று கமலாத்தாள் கேட்டாள்.

"ஆபீசுல சகுனம் கெடையாது. பைல்தான் உண்டு."

"அப்ப, வம்பில்லாத நம்பரா ஒண்ணு நீங்களே கார்டுக்குப் போட்டுக் குடுத்துருங்க. அஞ்சு நாள்ல கண்ணாலமுங்க. லட்டு இல்லீன்னா என்ற புள்ளை காலத்துக்கும் பேச்சுக் கேக்கோணும்."

ஆபீசர் மனம் இரங்கினார். ரிஜிஸ்டரில் காலியாகக் கிடந்த நம்பர்களைச் சோதித்தார். 1221 எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. 1234 ஏணிப்படி. 1296 முப்பத்தாறு தரம் முப்பத்தாறு. 1331 பதினொன்றை மூன்று தரம் போட்டுப் பெருக்கியது. எல்லாம் தள்ளுபடி. மூன்றாம் நாள் சாயங்காலம் 2746 அகப்பட்டது. கூட்டினார், பெருக்கினார், கவிழ்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கமலாத்தாள் மாரியம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இத்தனை நம்பர்ல ஒண்ணுமே இல்லாதது இது ஒண்ணுதான்" என்றார் ஆபீசர். "ஒண்ணே ஒண்ணு! எப்பேர்ப்பட்ட அதிசயம் பாருங்க. இதை விசாரிக்காம எப்படி விடுறது?"

பர்மிட் வரவில்லை. முகூர்த்தம் வந்தது. கமலாத்தாள் கருப்பட்டியைப் பாகு காய்ச்சிக் கன்னங்கரேலென்று லட்டுப் பிடித்தாள். பந்தியில் சம்பந்தியம்மாள் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். அந்தம்மாள் கடித்தார். மென்றார்.

"இன்னும் ரெண்டு வையுங்க" என்றார்.

அதற்கப்புறம் லட்டுக் கூடை ஓரிடத்தில் நிற்கவில்லை. அழைப்பின் பேரில் வந்திருந்த ரத்தினசாமியும் நாலு சாப்பிட்டார். மனம் குளிர்ந்து மறுநாளே மேலிடத்துக்கு எழுதினார்: "மேற்படி பகுதி மக்கள் சர்க்கரையின்றியே மங்கள காரியங்களைச் சிறப்புற நடத்தி வருகின்றனர் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அனுப்புமுன் சாட்சிக் கையெழுத்துக்கு அந்தக் காகிதம் ஊருக்கு வந்தது. தம் ஊர்ப் பெருமை மேலே போகிறது என்று, பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் போட்டி போட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நாச்சம்மாளும்தான்.

அடுத்த மாதம் முதல் எங்கள் பக்கத்து ரேஷன் கடைகளில் சர்க்கரை பாதியாகிவிட்டது.

இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள், காப்பி தருகிறேன். வரும்போது ஒரு பொட்டலம் சர்க்கரை மட்டும் கொண்டு வாருங்கள்.