பிறக்கிராசியாரின் பெறாமகன்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே வாடகைச் சட்டத்தை முழுமனதோடு நம்பிய ஒரே வீட்டுக்காரர் எங்கள் பிறக்கிராசியார்தான். நம்பியதனால்தான் அதைக் கண்டு அப்படி நடுங்கினார். மற்ற வீட்டுக்காரர்களுக்குச் சட்டம் என்பது கொழும்பில் பெய்கிற மழை. இவர் இணுவிலில் இருந்துகொண்டே அதற்குக் குடை பிடித்தார்.

பிறக்கிராசி என்றால் பழைய யாழ்ப்பாணப் பேச்சில் வழக்கறிஞர். இவர் வழக்கறிஞர் அல்ல. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். ஆனால் பேப்பரில் 'சட்டம்' என்ற சொல் எங்கே கிடந்தாலும் கத்தரித்து ஒரு நீலக் கோப்பில் ஒட்டிவிடுவார். ஒருமுறை 'சட்டம் போட்ட சாமிப்படங்கள் மலிவு விலையில்' என்ற விளம்பரமும் அதில் ஏறியிருந்தது.

அதே கோப்பின் கடைசித் தாளில் தன்னுடைய மரண அறிவித்தலையும் அவரே எழுதி வைத்திருந்தார். "நான் செத்தாப்பிறகு உவையள் அவசரத்திலை முறையைப் பிழையா அடிச்சுப்போடுவினம்" என்பார். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று ஒழுங்காகப் போகும். நிச்சயமான உறவெல்லாம் பேனையில். சந்தேகமானவை பென்சிலில். லண்டன் மருமகளின் பெயர் ஐந்து வருடமாகப் பென்சிலிலேயே கிடந்தது.

நான் மணற்காட்டுக்காரன். அப்பா கடல்தொழில். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியபின் எங்கே போவது என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. மருதனார்மடத்தில் ஒரு ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்தேன். எங்கள் ஊருக்குப் போகும் பஸ், வகுப்பு முடியும் நேரத்தைக் கேட்டு ஓடுவதில்லை. ஆகவே அறை தேடினேன்.

நாலு வீட்டில் ஒரே உரையாடல்.

"பேர்?"

"யூட்."

"ஊர்?"

"மணற்காடு."

"அறை இப்பதான் போட்டுது, தம்பி."

அறை போய்விடும். 'அறை வாடகைக்கு' என்ற மட்டை மட்டும் போகாமல் கேற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது வீடு பிறக்கிராசியாருடையது. அவரும் பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். பிறகு, "வாடகைக்கு எண்டால் இல்லை" என்றார்.

நான் சைக்கிளைத் திருப்பினேன்.

"நில்லும் ஐசே. முழுக்கக் கேளும். புதுச் சட்டம் வருகுது. வாடகைக்கு ஒருத்தனை ஏத்தினால் பிறகு இறக்கேலாதாம். பனையிலை ஏறினவன் எண்டாலும் பின்னேரத்துக்கு இறங்கி வருவான். ஆனால் சொந்தக்காரர் இருக்கலாம். சொந்தத்துக்குச் சட்டம் இல்லை."

"நான் உங்களுக்குச் சொந்தமில்லையே, ஐயா."

"அதை ஆர் கேட்டது? என்ரை மனுசியின்ரை பக்கம் கரவெட்டி. உம்மடை ஊர்ப் பக்கம். நீர் மனுசியின்ரை தங்கச்சியின்ரை மகன். எனக்குப் பெறாமகன்."

குசினிக்குள் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எனக்கு எங்கையப்பா தங்கச்சி?"

"இண்டையிலை இருந்து இருக்கு."

கிறிஸ்தவப் பேரை மட்டும் கொஞ்சம் யோசித்தார். "யூட்... சூட்டி எண்டு கூப்பிடுவம். கேக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது."

எனக்குக் களைப்பு. ஒரு கட்டிலுக்காக அன்றே சூட்டியானேன். அவர் பெரியப்பா ஆனார், அவர் மனைவி பெரியம்மா. மாதம் முதலாம் திகதி வெற்றிலையில் சுருட்டிக் காசு கொடுக்கவேண்டும். அதற்கு வாடகை என்று பெயரில்லை, கைவிசேஷம். ஊரெல்லாம் சித்திரையில் பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் மாதாமாதம் வருஷம் பிறந்தது, அதுவும் தலைகீழாக.

சட்டத்துக்குப் பயந்து சொந்தமாக்கிய மனிதர் ஒன்றை மறந்துவிட்டார். சட்டம் மாதத்துக்கு ஒருதரம்தான் கதவைத் தட்டும். சொந்தம் தினமும் தட்டும்.

முதலில் ஒரு செத்தவீடு. நாலு வீடு தள்ளி, அவருடைய ஒன்றுவிட்ட தமையன். பெறாமகன் வராமல் இருக்கலாமா? பந்தல் போட்டேன், கதிரை தூக்கினேன், முகம் தெரியாதவருக்காக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு ஆச்சி என் நாடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "கரவெட்டிப் பொடியனோ? அப்பிடியே இவளின்ரை தேப்பன்ரை மூக்கு!" என்றார். பெரியம்மா அழுதுகொண்டிருந்தவர், இதைக் கேட்டுச் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

மூக்குப் பொருந்தியதால் அடுத்த கிழமையே கல்யாணத் தரகர் வந்தார். "பொடியன்ரை சாதகக் குறிப்பைத் தாங்கோவன்."

"குறிப்பு இடம்பெயர்வுக்கை துலைஞ்சு போச்சு" என்றார் பெரியப்பா. இந்த மண்ணில் மறுகேள்வி கேட்கமுடியாத பதில் அது ஒன்றுதான்.

அன்றிரவே மரண அறிவித்தலில் 'சூட்டி அவர்களின் பாசமிகு பெரிய தந்தையும்' என்று சேர்த்தார். நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். "பெறாமகன்ரை பேர் இல்லாட்டிச் சனம் சந்தேகப்படும். பென்சில்தானே" என்றார்.

ஒருநாள் அம்மா என்னைப் பார்க்க வந்தார். கையில் நெத்தலிக் கருவாட்டுப் பை. அது மச்சம் மாமிசம் புழங்காத சைவ வீடு. கேற்றடியில் பக்கத்து வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தார். பெரியம்மா ஒரு கணம் திகைத்தார், பிறகு ஓடிப்போய், "வா தங்கச்சி! எவ்வளவு காலம் கண்டு!" என்று கட்டிப்பிடித்தார். அம்மா என் காதுக்குள், "ஆரடா உவ? மூளை சரியில்லையோ?" என்று கேட்டார். ஆனால் போகும்போது இரண்டு பேரும் கை விடாமல் நின்றார்கள். கருவாடு பின்பக்கமாய்ப் போய் விறகுக் கொட்டிலுக்குள் விருந்தாளியாக இருந்தது.

இப்படியே போயிருக்கும். ஒரு அரசாங்க வேலைக்கு விளம்பரம் வந்தது. இணுவில் பிரிவில் வசிப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் அதுவரை போட்ட விண்ணப்பங்களை அடுக்கினால் ஒரு தலையணை செய்யலாம். வயதெல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் முதுகு கடலுக்குப் போதும் என்று சொல்லத் தொடங்கியிருந்தது. இது தவறினால் நானும் படகில்தான்.

வதிவிடச் சான்றுக்குக் கிராம அலுவலரிடம் போனேன். விதானை என்றுதான் இன்னும் சொல்கிறோம், இவர் இளம் பெண். "வாடகைக்கு இருக்கிறியள் எண்டால் ஒப்பந்தத்தின்ரை பிரதி வேணும். சொந்தக்காரர் எண்டால் வீட்டுக்காரர் சத்தியக்கடதாசி தரவேணும். ரண்டுமில்லாமல் நான் கையெழுத்து வைக்கேலாது" என்றார்.

பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"பொய்ச் சத்தியக்கடதாசி குடுத்தால் எனக்கு மறியல்சாலைதான். ஒப்பந்தம் எழுதினால் நீர் வீட்டை விட்டு எழும்பமாட்டீர்."

"வேலை கிடைச்சால் எழும்புவன்தானே, ஐயா."

"ஐயாவோ?" என்றார் பெரியம்மா, கையில் அகப்பையோடு. பெரியப்பா நீலக் கோப்பை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். இரண்டு நாள் அதையே புரட்டிக்கொண்டிருந்தார்.

வியாழன் மத்தியானம் பட்டணத்துக்குப் போய் வந்தார். உண்மையான வழக்கறிஞரைப் பார்த்திருக்கிறார். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல வந்து கதிரையில் இருந்தார்.

"எழுத்திலை இல்லாததுதான் ஆபத்தாம். எவ்வளவு காலம், எழுப்பிறதெண்டால் எத்தினை மாசத்துக்கு முன்னம் அறிவிக்கவேணும், அறைக்குள்ளை என்னென்ன சாமான், எல்லாம் எழுதி ரண்டு பேரும் கையெழுத்து வைச்சு ஆளுக்கொரு பிரதி எடுத்தால் வீட்டுக்காரனும் நித்திரை கொள்ளலாமாம். இவ்வளவு காலம் வெட்டி ஒட்டினன். உது ஒரு துண்டிலையும் இல்லை."

"அப்ப எழுதுவம்."

"எழுதலாம். ஊர் முழுக்கச் சொந்தம் எண்டு சொல்லிப்போட்டன். அதை என்ன செய்யிறது?"

வெள்ளிக்கிழமை விதானை அலுவலகத்தில் பாதித் தெரு நின்றது. தரகர் நின்றார். மூக்கு ஆச்சியும் நின்றார். பிறக்கிராசியார் நீலக் கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேரே மேசைக்குப் போனார்.

"இவர் உங்களுக்கு என்ன முறை, ஐயா?"

கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முறை ஒண்டுமில்லை, பிள்ளை. வாடகைக்கு இருக்கிறவர். பேர் யூட். ஊர் மணற்காடு. வேதக்காரப் பொடியன். தேப்பன் கடல்தொழில்." செவிடருக்குச் சொல்வதுபோல் உரத்துச் சொன்னார். "எல்லாம் நான் சொன்ன பொய். பொடியனிலை ஒரு பிழையும் இல்லை."

தரகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆச்சியின் குரல்: "அப்ப அந்த மூக்கு?"

"மூக்கு அவன்ரை சொந்த மூக்கு, ஆச்சி. நீங்கள்தான் இரவல் குடுத்தனீங்கள்."

முதல்நாள் இரவு நாங்கள் இருவரும் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தின் பிரதியைக் கோப்பிலிருந்து எடுத்து நீட்டினார். விதானை சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்து வைத்தார். பின்னேரம் நாலு மணிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு அந்தத் தெருவில் இரண்டு வீட்டார் பெரியப்பாவோடு கதைப்பதை நிறுத்தினார்கள். ஒரு கல்யாணத்துக்கு அழைப்பே வரவில்லை. அவரோ எல்லோருக்கும் ஒப்பந்தம் எழுதச் சொல்லி உபதேசம் செய்யத் தொடங்கினார், அது அவர்களுக்கு இன்னும் பெரிய தண்டனை.

வேலை கிடைத்தது. பிறகு இடமாற்றமும் கிடைத்தது. இப்போது அச்சுவேலியில், முறையாக எழுதிய ஒப்பந்தத்தோடு, ஒரு நல்ல வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் அறிவிக்காமல் படலை திறக்கமாட்டார். என் மூக்கு யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

இணுவிலை விட்டு வந்த அன்று, சாவியைக் கொடுத்துக் கணக்கை முடிப்போம் என்று அவர் ஒப்பந்தத்தைத் தேடிக் கோப்பைத் திறந்தார். கடைசித் தாள் வெளியே நழுவியது. பொய் முடிந்துவிட்டதால் என் பெயரை அழித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்.

சூட்டியைத்தான் அழித்திருந்தார். அந்த இடத்தில் 'யூட் (மணற்காடு) அவர்களின் பாசமிகு பெரிய தந்தையும்' என்று இருந்தது, பேனையில்.